காதில் ஐஸ் தண்ணீர்

"காதுல ஐஸ் தண்ணி விட்டா எந்திரிச்சிடுவாளா, மேடம்?"

தங்கையின் கையை விடாமல் கேட்டான் ரகு. பொம்மசந்திராவில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய சிந்து, மாடிப்படியில் உருண்டு விழுந்தாளாம். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவன் அவன்தான். அதற்குப் பிறகு ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

"எழுப்புறதுக்கு இல்லைங்க. மூளை எப்படி இருக்குன்னு கண்ணு சொல்லும்," என்றாள் டாக்டர் சுப்ரியா.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைங்கறீங்க. இவ கிள்ளினாலும் அசைய மாட்டேங்கறா. தர்மபுரிக்கே கூட்டிட்டுப் போயிடறோம். ஆம்புலன்ஸ் வெளியில நிக்குது."

"இருடா, பார்த்துச் சொல்லட்டும்," என்ற அம்மா மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுப்ரியா சிந்துவின் இமைகளை விரலால் பிரித்துப் பிடித்தாள். நர்ஸ் வலது காதில் நீரை மெல்லச் செலுத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு கண்களும் ஒன்றாக, மிக மெதுவாக, குளிர்ந்த காதின் பக்கம் நகர்ந்தன. சட்டென்று எதிர்ப்பக்கம் துள்ளின. மறுபடி நகர்ந்தன. மறுபடி துள்ளின.

கல்லூரியில் ஒற்றை வரியாகப் படித்தது. கண்ணெதிரே நடந்தபோது சுப்ரியாவுக்குச் சிலிர்த்தது. உடம்பு முழுக்க ஊமையாகக் கிடக்க, தலைக்குள்ளிருந்து ஒரு பதில் வந்துகொண்டிருந்தது.

"கண்ணு ஏன் இப்படி ஆடுது?" ரகு எட்டிப் பார்த்தான். "கெட்டதா, மேடம்?"

சுப்ரியா இமைகளை மூடிவிட்டாள். "இவங்களை இப்ப எங்கயும் கொண்டுபோகக் கூடாது. பக்கத்துலயும் யாரும் இருக்கக் கூடாது. ஆம்புலன்ஸை அனுப்பிடுங்க."

"நான் மட்டும் இருக்கேனே. சின்னதுல இருந்து என் கையைப் பிடிச்சாத்தான் தூங்குவா."

"நீங்களும்தான் சார், கிளம்புங்க."

வாசலில் செக்யூரிட்டியிடம், "யாரன்னூ ஒளகெ பிடபேடி," யாரையும் உள்ளே விட வேண்டாமென்று கன்னடத்தில் கண்டிப்பாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சிந்துவின் காதருகே குனிந்தாள்.

"கோமாவுல இருக்கிறவங்க கண்ணு, தண்ணி விட்ட பக்கமாப் போய் அங்கேயே நின்னுடும்மா. முழிச்சிருக்கிற மூளைதான் அதைத் திரும்ப இழுக்கும். எல்லாரும் போயாச்சு. கண்ணைத் திற."

இமைகள் தாமாகப் பிரிந்தன.

"அண்ணனுமா?" என்றாள் சிந்து. "நான் முழிச்சிட்டேன்னு தெரிஞ்சா, இந்த வாட்டி மொட்டை மாடியில இருந்து தள்ளிடுவான்."