பிரெஞ்சு செல்லையா

இரண்டு கம்பளிக்கு அடியில் முனகிக்கொண்டிருந்தார் செல்லையா. மனைவி மணியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒடம்பு பச்சத் தண்ணியாட்டம் இருக்கு. காய்ச்சலாம் காய்ச்சல். எந்திரிங்க, தானா ராத்தா டவுன்லேருந்து அந்த பிரெஞ்சுக்காரம்மா கெளம்பிட்டாங்களாம்."

முனகல் கூடியது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் தகரக் கூரையில் டிஷ் வைத்தபோது, தப்பித்தவறி ஒரு பிரெஞ்சு சேனலும் வந்து மாட்டிக்கொண்டது. பறக்கும் தட்டு, ரோபோ, வேற்றுக்கிரகத்து ஆட்கள் என்று ஒரே அமர்க்களம். பார்க்க வந்த தேயிலைத் தோட்ட லயத்து ஜனங்கள் வாய் திறப்பதற்குள் செல்லையா முந்திக்கொண்டார்.

"யாரும் பயப்படாதீங்க. எனக்கு பிரெஞ்சு தெரியும். சின்ன வயசுல பிரெஞ்சுத் துரைகிட்ட தோட்டக்காரனா இருந்தேன்ல!"

மூன்றாவதோடு பள்ளியை விட்டவர். தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் டிவி பக்கத்தில் நின்று, திரைக்கு அடியில் ஓடும் எழுத்தை விரலால் தடவித் தடவிக் கதை சொன்னார். செவ்வாய்க் கிரகத்தில் தேயிலை நட்டார்கள். ரோபோவுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில் ஜாதகம் எங்கே என்றார்கள்.

லோரி ஓட்டும் ஹரிதாஸ் மட்டும், படத்தில் யாராவது செத்தால், செல்லையா அதைச் சொல்வதற்கு முன்பே மூக்கைச் சிந்திவிடுவான். இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சேனல் இரண்டு தரம் பேர் மாற்றியது. அப்புறம் ரோபோவைக் கைவிட்டு, கைப்பேசி, மின்சாரக் கார் என்று இறங்கியது. போன வருஷம் மூடியே விட்டார்கள். இப்போது அதன் வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிற அம்மாள் ஒருத்தி, பக்கத்து வீட்டு ரூபினி பேஸ்புக்கில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, 'டிவி பக்கத்தில் நிற்கும் பெரியவரைப் பார்க்க வேண்டும்' என்று வருகிறாள்.

வாசலில் லேண்ட்ரோவர் வந்து நின்றது.

செல்லையாவைக் கம்பளியோடு தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வீடு முழுக்க லயம். அந்த அம்மாள் கும்பிட்டாள், சிரித்தாள், பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டாள்.

கடைத்தெருவில் 'பிரெஞ்சுக்காரர் பொஞ்சாதி' என்று பேர் வாங்கிய மணியம்மா, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கேக்குறாங்கல்ல? பதில் சொல்லுங்க!"

செல்லையா தரையைப் பார்த்தார். தரை ஒன்றும் உதவவில்லை. காது மடல் சுட்டது. உண்மையான காய்ச்சல் அப்போதுதான் வந்தது.

"எனக்கு பிரெஞ்சு தெரியாது, புள்ள."

"என்னது?"

"ஒரு சொல்லுகூடத் தெரியாது. கீழ ஓடுற பிரெஞ்சு எழுத்தையும் சும்மாத்தான் தடவினேன். துரையும் கெடையாது, தோட்டமும் கெடையாது. பதினோரு வருஷமா உன்னையும் ஏமாத்தி, இவங்க அத்தன பேரையும் ஏமாத்திட்டேன்."

மணியம்மா முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏச்சுக்காகக் காத்திருந்தார்.

ஹரிதாஸ் பக்கத்தில் வந்து, நழுவிய கம்பளியை அவர் தோளில் இழுத்துப் போர்த்தினான்.

"கீழ ஓடுனது நம்ம நாட்டு மலாய் லா, பெரியப்பா. நாங்கல்லாம் படிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம்."