தொப்பை போட்ட திரை

படுக்கையறை ஜன்னலின் ரோமன் பிளைண்டுக்கு, அதாவது மடித்து மேலே தூக்கும் திரைக்கு, துணி தேர்ந்தெடுக்கவே வீட்டுக்காரம்மா கணவரை ஒரு மாதம் பாடாய்ப் படுத்தினார். கடைசியில் சாம்பல் கோடு போட்ட துணி முடிவானது. ஜன்னல் சட்டத்துக்கு மேலே, சுவரில் மாட்டலாம் என்று டெய்லர் தலைபாடாக அடித்துக்கொண்டார். சட்டத்துக்குள்ளேதான் வேண்டும், அதுதான் அழகு என்று வீட்டுக்காரம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

மாட்டிய மறுநாளே திரை நடுவில் தொப்பை போட்டது. தூக்கிப் பார்த்தால் கண்ணாடியும் ஐந்தாம் மாடி வெளிச்சமும்தான். இறக்கினால் மறுபடி தொப்பை.

"என்ன மாஸ்டர் தைச்சிருக்கீங்க?" என்று வீட்டுக்காரம்மா போனில் கேட்டார்.

டெய்லர் வந்து மடிப்புக் குச்சிகளைத் தடவினார். தொப்பையை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். அது உள்ளே போய், மூச்சு விட்டதுபோலத் திரும்பி வந்தது.

"தையல்ல குறையில்லம்மா. பின்னால நிக்கிறவருக்கு இடம் பத்தல. அதுக்குத்தான் அன்னைக்கே சுவர்ல மாட்டலாம்னேன்."

கணவர் ஹாலுக்கு நகர்ந்தார்.

சுவரில் ஏற்றி மாட்டியதும் திரை சுருக்கமில்லாமல் நேராக விழுந்தது. வீட்டுக்காரம்மா தள்ளி நின்று, தலையைச் சாய்த்து ரசித்தார். பிறகு குனிந்து பார்த்து முகம் சுளித்தார்.

"இப்ப நீளம் பத்தல மாஸ்டர். அடியில கால்விரல் தெரியுது."

விரல்கள் கூச்சத்தோடு மெல்ல உள்ளே நகர்ந்தன.