நூறு வரை

மருத்துவமனைத் தொலைக்காட்சியில், எம்.எல்.ஏ. மேடையில் மயங்கி விழுந்ததையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மடியில் பாதி காலியான தண்ணீர் பாட்டிலோடு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேர்தல் வந்தா போதும், இவனுக்கு மயக்கமும் வந்துடும்," என்றார் கையில் கட்டுப் போட்டிருந்தவர்.

"என்னமா விழறான் பாருங்கண்ணே! சட்டைகூடக் கசங்கல," என்று சிரித்த பக்கத்து இருக்கைக்காரர் அவளிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா, நடிப்புதானே?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டர் நேராக அவளிடம் வந்தார். "உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்த முடியலம்மா. விழுந்த உடனே கவனிச்சிருந்தா பிழைச்சிருப்பார். பக்கத்துல யாருமே இல்லையா?"

"நான்தான் இருந்தேன். தேர்தலுக்குத் தேர்தல் இப்படி விழுவார், டாக்டர். கேமராக்காரங்க படம் எடுக்கணும்னு, நூறு எண்ணிட்டுத்தான் தண்ணி தெளிப்பேன். இன்னைக்கும் எண்ணினேன்."