அம்மா நம்பருக்கு வரும் ஓடிபி

செவிலிமேடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நெட் சென்டரில், கண்ணாடிக் கதவு வழியாக விழும் மூன்று மணி வெயில் கணினித் திரையை வெளுக்கிறது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்த இன்றுதான் கடைசி நாள். முதலில் வைக்கும் கல்லூரி எதுவானாலும் கிடைத்துவிடும். ஜீவிதாவின் மதிப்பெண் அப்படி. திரைக்கு மறுபக்கம் அப்பா நிற்கிறார். போன மாதம் இறந்துபோன அம்மாவின் போனை இரு கைகளாலும் பிடித்திருக்கிறார். அம்மாவின் நம்பரில் பதிவு செய்ததால் ஓடிபி அதற்குத்தான் வரும். "கோயமுத்தூர மொதல்ல வச்சியாமா? ஒங்கம்மா சொல்லிக்கினே இருந்தா." ஜீவிதா நிமிர்கிறாள். சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளி மாட்டியிருக்கிறார். காலர் ஒருபக்கம் ஏறி நிற்கிறது. இப்படியே காலையிலிருந்து ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார். "வச்சிட்டேன்பா" என்றபடியே, டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய உள்ளூர்க் கல்லூரியை மவுஸால் இழுத்துக் கோயமுத்தூருக்கு மேலே விடுகிறாள். அம்மாவின் போன் சிணுங்குகிறது. அப்பா அதை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு எண்ணாக, பிசகிவிடுமோ என்ற பயத்தோடு வாசிக்கிறார். அவள் தட்டுகிறாள். வரிசை பூட்டிக்கொள்கிறது, இனி மாற்ற முடியாது. அப்பா போனைத் துடைத்துப் பையில் வைக்கிறார். "அங்க குளிரும்னு சொல்றாங்கமா. அம்மா ஸ்வெட்டர் இருக்குது, எடுத்துக்கினு போ." "சரிப்பா."