மூன்று பேர் உட்காரும் ரைலி

லட்லோ நகரின் பழைய கார் கண்காட்சியில், பச்சை ரைலி காரின் நம்பர் பலகையை வயதான மியூரியல் வெகுநேரம் பார்த்தார்.

"முன்சீட்ல மூணு பேர் உட்கார்ற மாடல். ரொம்ப அபூர்வம், தம்பி."

"கரெக்டா சொல்றீங்களே மேடம். உங்ககிட்ட என்ன கார் இருக்கு?" என்றார் உரிமையாளர் நைஜல்.

"எனக்கு ஓட்டவே தெரியாது. இதை யார்கிட்ட வாங்குனீங்க?"

"எங்கப்பாவோடது. போன குளிர்காலத்துல தவறிட்டார்."

மியூரியல் கதவைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா பேர் ரோலண்டா?"

"ஆமா. அவரைத் தெரியுமா?"

"எனக்கு ஏழு வயசு ஆகுற வரைக்கும் தெரியும். இந்த முன்சீட்ல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல உட்காருவேன். ஒருநாள் இந்தக் கார்ல தனியா கிளம்பின அப்பா திரும்பி வரவே இல்ல."



"பள்ளிக்கூடம் விடுற நேரத்துல அப்பா காரை ஓரமா நிறுத்திட்டு, பிள்ளைங்களையே பார்த்துக்கிட்டிருப்பார். ஏன்னு கேட்டா சொல்லமாட்டார்," என்றார் நைஜல்.

பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

"உட்காருங்க அக்கா."