நூற்றொன்றாம் நாள்

அம்மை ஊசி பிள்ளைகளை மலடாக்கும் என்று, சமையல் வீடியோ போடும் உனைசி சொன்னதை ஃபிஜியில் ஊர் ஊராக நம்பினார்கள். சுவா காவல் நிலையத்துக்கு அவளைக் கூப்பிட்டு அதிகாரி விசாரித்தார்.

"யாரும்மா இதை எழுதிக் குடுத்தது?"

"வேரா. நெட்டுல எழுதிப் பழகின வெளிநாட்டுச் சிநேகிதி. எம்புள்ள செத்த நூறாம் ராத்திரியோட, எங்க வழக்கப்படி துக்கம் முடிஞ்சுதுன்னு ஊரே கலைஞ்சிருச்சு. நூத்தியொண்ணாம் நாளும் 'ஜோசேவா'ன்னு அவன் பேரைச் சொல்லி அழுதது அவ மட்டும்தாய்யா. அவளா பொய் சொல்லுவா?"

"வேரான்னு ஆளே இல்லம்மா. பொய் பரப்பவே ஒரு வெளிநாடு நடத்துற ஆபீஸு. ஆறு பேரு முறைவச்சு உனக்கு எழுதியிருக்காங்க."



"அந்த ஆறு பேருல எம்புள்ளைக்காக அழுதது யாருய்யா?"

அதிகாரி அந்த ஆபீஸிலிருந்து சிக்கிய தாளை நீட்டினார்.

'மகன் பெயர் ஜோசேவா. தினமும் சொல்லவும். கேட்டதைச் செய்வாள்.'