வாகனம் வரட்டும்

“இன்னும் கொஞ்சம் பாப்பம் ஐயா. தவிசாளர் வந்திடுவா.”

நமசிவாயம் இதைச் சொல்வது எத்தனையாவது தடவை என்று ஐயருக்கே மறந்துபோயிற்று. கிரியை எப்போதோ முடிந்து, பறைமேளமும் ஓய்ந்து, பந்தலின்கீழ் பெட்டிக்குள் கனகலிங்கத்தார் கிடந்தார்.

“வெயில் ஏற முதல் என்னைக் கொண்டுபோயிடு தம்பி. என்னாலை சனம் காயக்கூடாது.” அந்த வெங்காயத் தோட்டக்காரர் சாகுமுன் மகன் நமசிவாயத்திடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

வெயில் ஏறி, உச்சிக்குப் போய், இப்போது இறங்கவும் தொடங்கிவிட்டது.

“பிரதேச சபைத் தலைவர் வராமல் அப்பாவைத் தூக்கினால் ஊர் என்ன கதைக்கும்? தேர்தலிலை அவவுக்காகத் தொண்டை கிழியக் கத்தினவன் நான்.”

கத்தினது உண்மை. “சபைக்காசிலை வாகனம் வேண்டாம், பெற்றோல் வேண்டாம், மலர்வளையம் வேண்டாம். சைக்கிளிலை வாற தலைவர்தான் எங்களுக்கு வேணும்” என்று சுன்னாகம் சந்தையடியில் மைக் பிடித்து அவர் முழங்கியதை ஊர்ப் பெடியள் இன்றைக்கும் மூக்கால் பேசிக் காட்டுவார்கள்.

சுவர்ணா வென்றார். பதவியேற்ற அன்றே வாகனச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். முதலில் கைதட்டியவரும் நமசிவாயம்தான்.

சந்திக்கு அனுப்பிய மருமகன் பார்த்தீபன் திரும்பி வந்தான்.

“ஒரு வாகனமும் வரேல்லை மாமா.”

“போன்?”

“அடிச்சனான். எடுக்கிறா இல்லை.”

“கதிரை கிடைச்சாப் பிறகு எல்லாரும் ஒண்டுதான்” என்றது பந்தலுக்குள் ஒரு குரல். “முந்தின தலைவரெண்டால் முன்னுக்கொரு வாகனம், பின்னுக்கொரு வாகனமெண்டு வந்து இறங்கியிருப்பார். அதெல்லோ செத்தவீடு.”

நமசிவாயத்துக்குச் சுருக்கென்றது. அந்த ஆளே வென்றிருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தும்விட்டார்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தேத்தண்ணி பக்கத்து வளவிலிருந்து வந்துகொண்டேயிருந்தது. அவரும் வாங்கி வாங்கிக் குடித்தார்.

பக்கத்து வளவிலிருந்து வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து மனைவி பூரணம் வந்தாள்.

“இஞ்சருங்கோ, ஒரு கதை.”

“பிறகு சொல்லு. பெரிய ஆள் ஒராள் வர இருக்கு. நீ தேத்தண்ணியைப் பார்.”

“அதில்லையப்பா…”

“போ எண்டால் போ.”

காலையிலும் அவள் இப்படித்தான் வந்து, இப்படித்தான் திரும்பிப் போனாள்.

ஐயர் எழுந்துவிட்டார். “தம்பி, பொழுதுபடப் போகுது. இனி நான் நிக்கேலாது.”

நமசிவாயம் றோட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். புழுதிகூடக் கிளம்பவில்லை.

“சரி. முகம் பாக்கிறவை வாங்கோ.”

பக்கத்து வளவிலிருந்து பெண்கள் வந்தார்கள். கடைசியாக வந்தவர் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். புறங்கையெல்லாம் அடுப்புக்கரி.

“தவிசாளர் அம்மா… எப்ப வந்தனீங்கள்?”

“விடியவே வந்திட்டன் அண்ணை. உங்கை தேத்தண்ணி ஊத்த ஆள் காணாது. அப்பிடியே நிண்டிட்டன்.”

“போன்…”

“அது சைக்கிள் பைக்குள்ளை கிடக்கு. அடிச்சனீங்களோ?”

பெட்டிக்குள் தகப்பனின் முகம் வெக்கையில் கறுத்துப்போயிருந்தது.

சுவர்ணா அந்த முகத்தைக் கும்பிட்டுவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்:

“ஆரோ பெரிய ஆள் வரவேணுமெண்டு பூரணமக்கா சொன்னவ. வந்திட்டாரோ அண்ணை?”